தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாத கரு

ஒரு கணினியில் பல நிரல்கள் ஒரே வேளையில் ஓடும்போது, அவற்றுள் எது எவ்வளவு நினைவகத்தைப் பெறும், எது எப்போது செயலியில் ஏறும், எது எந்தச் சாதனத்தைத் தொடலாம் என்பவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தும் அடித்தள மென்பொருள் பணிசெயல் முறைமை எனப்படும். பதுளையிலும் பண்டாரவளையிலும் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவருக்கு இது பழகிய பாடமே. அந்த முறைமைக்குள்ளும், வன்பொருள் முழுவதையும் ஆளும் அதிகாரம் பெற்ற உட்பகுதி ஒன்று உண்டு. அதுவே கரு, அதாவது கேர்னல். சாதாரண நிரல் ஒன்று பழுதுபட்டால் அந்நிரல் மட்டும் நின்றுபோகும். கருவே பழுதுபட்டால், அதைத் தடுத்து நிறுத்த அதற்கு மேல் வேறோர் அதிகாரம் இல்லாமையால், இயந்திரம் முழுவதும் விழுந்துவிடும்.

இந்தக் கருவை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதில் கணினியியலாளர் இரு பிரிவினராகப் பிரிந்து நீண்டகாலமாகிறது. கோப்புகளைப் பேணும் பகுதி, வலையமைப்புப் பகுதி, ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் நிரல் ஆகிய எல்லாவற்றையும் கருவுக்குள்ளேயே வைப்பது ஒரு வழி. ஆண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளின் அடியில் இருக்கும் லினக்ஸ் அப்படிப்பட்டது, அதன் மூலநிரல் இன்று கோடிக்கணக்கான வரிகளுக்கு விரிந்துவிட்டது. மற்ற வழி, கருவில் தவிர்க்கவே முடியாத சிலவற்றை மட்டும் விட்டுவைத்து, ஏனையவற்றைச் சாதாரண நிரல்களாக வெளியே தள்ளிவிடுவது. அவ்வாறு சுருக்கப்பட்ட கருவே நுண்கரு, அல்லது மைக்ரோகேர்னல். மினிக்ஸ் என்னும் நுண்கரு முறைமையை உருவாக்கிய பேராசிரியர் அண்ட்ரூ டனன்பாமும் லினக்ஸை அப்போதுதான் எழுதத் தொடங்கியிருந்த மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸும் 1992 ஜனவரியில் இது பற்றி மோதிக்கொண்டது கணினி வரலாற்றில் பிரசித்தமானது. எனினும் அந்த விவாதம் பெரும்பாலும் கருவின் கட்டமைப்பையும் வேறு வன்பொருளுக்கு அதை எடுத்துச்செல்லும் வசதியையும் சுற்றியே நடந்தது. நுண்கருவின் உண்மையான இடர்ப்பாடு வேறோரிடத்தில், இருக்கும் வளங்களை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வியில் இருந்தது.

ஊவாத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைக்கப்படும் மின்னணுத் தராசை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இக்கேள்வி விளங்கும். அதற்குள் இருக்கும் சிறு கணினியில் குறைந்தது மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: நிறையை உணரியிலிருந்து படிப்பது, அதைத் தொழிலாளியின் எண்ணோடு சேர்த்துப் பதிந்து வைப்பது, பதிவுகளைத் தொலைபேசி வலையமைப்பின் வழியாகத் தோட்டத்துக் காரியாலயத்துக்கு அனுப்புவது. இவற்றுள் கடைசி வேலையே மிகச் சிக்கலானதும் வெளியாரின் தாக்குதலுக்கு மிக எளிதில் உட்படக்கூடியதும் ஆகும். முதல் வேலையோ மிக எளியது, ஆனால் அதன் விளைவு மிகப் பாரதூரமானது, ஏனெனில் சில கிலோ குறைந்தாலும் நாளின் முழுச் சம்பளமான முழுப்பேர் அரைச் சம்பளமான அரைப்பேராகிவிடும். பெரிய கரு கொண்ட முறைமையில் வலையமைப்பு நிரலில் உள்ள ஒரு பிழை, நிறையைப் பதிந்து வைத்த நினைவகத்தையே மாற்றி எழுதிவிட முடியும். நுண்கரு கொண்ட முறைமையில் மூன்றும் தனித்தனி நிரல்களாக, தனித்தனி முகவரி வெளிகளில், அதாவது ஒன்று மற்றொன்றின் நினைவகத்தைக் காணவே முடியாத எல்லைகளுக்குள் இருக்கும். தமக்குள் பேச வேண்டுமாயின் கருவின் வழியாகச் செய்தி அனுப்பியே பேசும்.

ஆனால் எல்லை வகுத்துவிட்டதால் மட்டும் நிறுவை பாதுகாக்கப்பட்டுவிடுவதில்லை. வலையமைப்பு நிரல் நிறுவை நிரலின் நினைவகத்தைத் தொடாமலே, இருக்கும் நினைவகம் முழுவதையும் தனக்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். செயலியை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். பதிவு நிரலுக்கு இடைவிடாது செய்தி அனுப்பி, அது வேறெவருக்கும் செவிசாய்க்க முடியாதபடி செய்யலாம். நிறுவை நிரல் எந்தச் சேதமும் இல்லாமல், ஒன்றும் செய்ய இயலாமல் நிற்கும். பெரிய கருவில் எல்லா வளங்களும் ஒரே இடத்தில் கணக்கு வைக்கப்படுவதால் இதைக் கவனிக்க ஒருவராவது இருக்கிறார். நுண்கருவில் நினைவகத்தை ஒரு நிரலும், கோப்புகளை ஒரு நிரலும், வலையமைப்பை ஒரு நிரலுமாகப் பங்கிட்டுக்கொண்டு நடத்துவதால், யார் சார்பில் எவ்வளவு செலவானது என்பது எளிதில் மறைந்துபோகிறது. 1990 முதல் வளர்த்தெடுக்கப்பட்டுவரும் ஹேர்ட் என்னும் நுண்கரு முறைமையை, அதில் ஈடுபட்டிருந்த நீல் வால்ஃபீல்டும் மார்க்கஸ் பிரிங்க்மானும் 2007இல் விமர்சித்து எழுதியபோது, வளக் கணக்கு ஒழுங்காக வைக்கப்படாமையை அதன் முக்கியமான குறைகளுள் ஒன்றாகக் காட்டியதில் வியப்பில்லை.

இப்பிரச்சினை நுண்கருவோடு உடன்பிறந்தது. இவ்வகைக் கருக்களுக்கு முன்னோடியெனக் கருதப்படும் ஆர்சி 4000 முறைமையை டென்மார்க்கில் 1969இல் பேர் பிரிஞ்ச் ஹான்சன் குழுவினர் அமைத்தபோதே, செய்திகளைத் தற்காலிகமாக வைக்கும் இடங்கள் பொதுவில் இருந்தமையால், ஒரு நிரல் அவை அனைத்தையும் பிடித்துக்கொள்ளாதிருக்க ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய செய்திகளுக்கு வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. பின்னர் 1985 முதல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் கரு, செய்திப் பரிமாற்றத்தில் மிகவும் மந்தமாக இருந்தமையால் நுண்கரு என்றாலே மெதுவானது என்ற பெயர் பரவியது. ஜேர்மனியரான யோஹன் லீட்கே அந்தப் பெயரைத் துடைத்தார். மாக் கருவில் 100 மைக்ரோசெக்கனுக்கு மேல் எடுத்த ஒரு சிறு செய்திப் பரிமாற்றத்தை, அதே 486 வகைச் செயலியில் ஏறத்தாழ 5 மைக்ரோசெக்கனில் நடத்திக் காட்டியதாக அவர் 1993இல் வெளியிட்டார்; அதன்பின் எழுதிய எல்4 என்னும் கருவிலிருந்து ஒரு பெருங்குடும்பமே கிளைத்தது. வேகம் பற்றிய வழக்கு அத்தோடு பெருமளவு முடிந்துவிட்டது எனலாம்.

லீட்கே 1995இல் வகுத்த விதி இன்றும் இத்துறையினரின் அடிப்படையாக உள்ளது: ஒரு பொறியமைவை வெளியே எடுத்தால் முறைமை செய்ய வேண்டியதைச் செய்யவே முடியாமற்போகும் என்றால் மட்டுமே அது கருவுக்குள் இருக்கலாம். இவ்விதியின்படி, நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிடும் முடிவுகள் வெளியே போய்விட்டன. கரு கேட்டதைச் செய்துகொடுக்கும், யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிலுள்ள நிரலே தீர்மானிக்கும். ஆனால் ஒரு மூலையில் இந்த விதி மீறப்பட்டே கிடந்தது. அது கருவின் சொந்த நினைவகம்.

ஒரு புதிய இழை, அதாவது செயலியில் தனியாக ஓடக்கூடிய ஒரு வேலை, உருவாக்கப்படும்போது அதன் நிலையைக் குறித்துவைக்கக் கரு ஒரு பதிவேட்டுப் பக்கத்தைத் திறக்க வேண்டும்; ஒரு புதிய முகவரி வெளி அமைக்கப்படும்போது, எந்த முகவரி உண்மையான நினைவகத்தின் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்ற அட்டவணைகளை எழுத வேண்டும். இவற்றுக்கான இடத்தைப் பெரும்பாலான கருக்கள் தொடக்கத்திலேயே ஒதுக்கிக்கொண்ட ஒரு பொதுக் குவியலிலிருந்து எடுத்தன. முந்தியவருக்கு முதலிடம் என்பதே அங்கு நடைமுறை. ஆகவே கெட்ட எண்ணமுள்ள ஒரு நிரல், அல்லது பிழையாக எழுதப்பட்ட ஒரு நிரல், இழைகளை மேன்மேலும் உருவாக்கிக்கொண்டே போனால் போதும்; தனக்குரிய எல்லையைத் தாண்டாமலே, எல்லோருக்கும் பொதுவான கருவின் நினைவகத்தை அது காலிசெய்துவிடும். அப்போது வேறு நிரலொன்று நியாயமான ஒரு வேண்டுகோளை விடுத்தாலும் கருவால் அதை நிறைவேற்ற இயலாது.

இதற்குச் சொல்லப்பட்ட தீர்வுகள் பல. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பங்கு என்று வரையறுத்துவிடலாம்; ஆனால் ஒருவர் பயன்படுத்தாத பங்கு வீணே கிடக்க இன்னொருவர் இல்லாமல் தவிப்பார், தவிரவும் பங்கின் அளவை நிர்ணயிக்கும் கொள்கை மீண்டும் கருவுக்குள் புகுந்துவிடும். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 1994இல் அறிவிக்கப்பட்ட ஒரு வடிவமைப்பில், கரு தன் பதிவுகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல், இடம் போதாதபோது அவற்றை வெளியிலுள்ள நிரல்களிடம் எழுதிக்கொடுத்துவிட்டுத் தேவைப்படும்போது திரும்பப் பெற்றது. இது புத்திசாலித்தனமானதே, எனினும் ஒரு வேலை எவ்வளவு நேரத்தில் முடியும் என்று உறுதி கூற வேண்டிய கருவிகளில் இந்த ஏற்றியிறக்கல் அவ்வுறுதியைக் கெடுத்துவிடும். லீட்கேயும் அவருடைய சகாக்களும் 1997இல், நினைவகம் தேவைப்படும் நிரலே தன்னிடமுள்ளதைக் கருவுக்குக் கொடுக்கட்டும் என்றனர். கொடுத்ததைப் பின்னர் எப்போது, எவ்வாறு பாதுகாப்பாகத் திரும்பப் பெறுவது என்பதே அங்கு கடினமான பகுதி.

இந்த இடத்தில்தான் இலங்கையர் ஒருவரின் பெயர் வருகிறது. பதுளையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் புகையிரதம் கடந்து செல்லும் பேராதனையில், பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியல் கற்பிப்பவரான தம்மிக்க எல்கடுவ, சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக எடுத்துக்கொண்ட பொருள், கருவின் நினைவகத்தைக் கொள்கை வழுவாது நிர்வகிப்பது எப்படி என்பதே. அவுஸ்திரேலியாவின் நிக்டா ஆய்வு நிறுவனத்தில் கேர்னொட் ஹைஸர், கெவின் எல்ஃபின்ஸ்டன், கேர்வின் கிளைன் முதலியோர் எஸ்ஈஎல்4 என்னும் புதிய கருவை உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அக்கருவின் நினைவக அமைப்பு பற்றி 2008இல் வெளியான கட்டுரையில் எல்கடுவ, பிலிப் டெரின், எல்ஃபின்ஸ்டன் மூவரும் முன்வைத்த விடை வியக்கத்தக்க அளவு துணிவானது: கருவுக்கெனப் பொதுக் குவியலே வேண்டாம். இயந்திரம் தொடங்கியதும் கரு தன் நிரலுக்கும் தன் சிறு வேலையிடத்துக்கும் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சமுள்ள நினைவகம் முழுவதன் அதிகாரத்தையும் வெளியே ஓடும் முதல் நிரலிடம் ஒப்படைத்துவிடும். அதன்பின் கரு தானாக ஒரு பைட்டைக்கூட எடுக்காது.

இது எவ்வாறு இயல்கிறது என்பதை விளக்க முதலில் கேப்பபிலிட்டி என்னும் கருத்தைச் சொல்ல வேண்டும். ஜாக் டெனிஸும் ஏர்ல் வான் ஹோர்னும் 1966இல் முன்வைத்த இக்கருத்துக்கு மலையகப் புகையிரதப் பாதையிலேயே ஒரு சான்று உண்டு. 1924இல் பதுளைக்கு வந்து முடிந்த அப்பாதை ஒற்றைத் தண்டவாளமுடையது. ஹப்புத்தளைக்கும் தியத்தலாவைக்கும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே ஓடலாம். அதை உறுதிசெய்ய, அப்பகுதிக்குரிய டெப்லட் எனப்படும் வட்டத் தகட்டை நிலையத்திலிருந்து பெற்ற சாரதியே வண்டியைச் செலுத்தலாம் என்பது விதி. இரு நிலையங்களின் டெப்லட் பெட்டிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால் ஒரு தகடு வெளியே இருக்கும்வரை அடுத்த தகடு வெளிவராது. சாரதி யார், எத்தனை ஆண்டுச் சேவையுடையவர் என்பது அங்கு கேட்கப்படுவதில்லை. தகடு கையில் உண்டா என்பதே கேள்வி. கேப்பபிலிட்டியும் இவ்வாறே, குறித்த ஒரு பொருளின்மீது குறித்த ஒரு செயலைச் செய்ய அதைக் கையில் வைத்திருப்பவருக்கு உரிமை தரும் சீட்டு. கருவின் காவலில் அது இருப்பதால் எந்த நிரலாலும் போலியாக அதைச் செய்ய முடியாது. ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. டெப்லட்டைப் பிரதியெடுக்க முடியாது. கேப்பபிலிட்டியை, உரிமைகளைக் குறைத்துப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம், கொடுத்தவர் விரும்பினால் அப்பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் செல்லாததாக்கலாம்.

எஸ்ஈஎல்4 கருவில் வெற்று நினைவகத்துக்கும் இத்தகைய சீட்டு உண்டு. இன்னதற்கென்று வகைபிரிக்கப்படாத நினைவகம் என அது அழைக்கப்படுகிறது. ஓர் இழை வேண்டுமென்றால், நிரல் தன்னிடமுள்ள அத்தகைய சீட்டொன்றைக் கருவிடம் காட்டி, இதிலிருந்து இன்ன அளவை ஓர் இழையின் பதிவேடாக மாற்றித்தருக என்று கேட்க வேண்டும். கரு முக்கியமாக இரண்டைச் சரிபார்க்கும்: அந்த இடம் ஏற்கனவே வேறொன்றாக மாற்றப்பட்டிருக்கவில்லை, கேட்ட பொருள் அதற்குள் அடங்குகிறது. பிறகு மாற்றிக்கொடுத்து, அப்பொருளுக்குரிய புதிய சீட்டைக் கேட்டவரிடம் தரும். சீட்டு இல்லாதவருக்கு இழையும் இல்லை. தராசின் வலையமைப்பு நிரலுக்குத் தொடக்கத்தில் ஒரு மெகாபைட்டுக்குரிய சீட்டு மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தால், அது எத்தனை இழைகளை உருவாக்க முயன்றாலும் அந்த ஒரு மெகாபைட்டோடு முடிந்துவிடும். நிறுவை நிரலின் பங்கிலிருந்து கருவின் வழியாக ஒரு பைட்டும் கசியாது. செலவை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி எழுவதற்கே இடமில்லாமற்போகிறது, ஏனெனில் கேட்பவரே கட்டுகிறார்.

திரும்பப் பெறுதலும் இதே வழியில் நடக்கிறது. எந்தச் சீட்டிலிருந்து எந்தச் சீட்டு பிறந்தது என்ற வமிசாவளியைக் கரு வைத்திருக்கிறது. மூலச் சீட்டை உடையவர் கேட்டால், அதிலிருந்து பிறந்த எல்லாச் சீட்டுகளும் செல்லாததாகி, அவற்றால் உருவான பொருள்களும் அழிந்து, நினைவகம் மீண்டும் வெற்றிடமாகும். கருவின் பதிவேடாக இருந்த இடத்தை இன்னும் எவராவது சுட்டிக்கொண்டிருக்க, அதே இடம் சாதாரண நிரலொன்றின் கைக்குப் போய்விட்டால் பாதுகாப்பு முழுவதும் குலைந்துவிடும் என்பதால், இந்த வமிசாவளியில் ஓர் எழுத்துப் பிசகும் இருக்கலாகாது. எனவேதான் எஸ்ஈஎல்4 குழுவினர் சோதனை ஓட்டங்களோடு நின்றுவிடாமல் கணித நிரூபணத்துக்குச் சென்றனர். ஏறத்தாழ 8,700 வரி சி நிரலும் 600 வரி அசெம்பிளி மொழியும் கொண்ட அக்கருவின் சி நிரல், தனக்கு எழுதப்பட்ட விவரக்கூற்றின்படியே நடக்கிறது என்பதை, இஸபெல் என்னும் நிரூபணக் கருவியில் சுமார் 200,000 வரி எழுதி 2009இல் நிலைநாட்டினர். இதை அறிவித்த கட்டுரையை எழுதிய 13 பேரில் எல்கடுவவும் ஒருவர். அதற்கு முந்திய ஆண்டிலேயே, சீட்டுகள் எவ்வாறு கைமாறினாலும் தனித்துவைக்கப்பட்ட இரு குழுக்கள் தனித்தே இருக்கும் என்பதைக் கிளைனோடும் எல்ஃபின்ஸ்டனோடும் சேர்ந்து அவர் நிரூபித்திருந்தார். அமெரிக்கக் கணினிச் சங்கமான ஏசிஎம் தன் 2022ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் முறைமை விருதை எஸ்ஈஎல்4 குழுவுக்கு வழங்கியபோது பெயர் பெற்றவர்களுள், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு, அவரும் இருந்தார்.

நிரூபணத்துக்கும் வள நிர்வாகத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. நினைவகத்தை எப்போது யாருக்குக் கொடுப்பது, குறைந்தால் யாரிடமிருந்து பறிப்பது என்ற முடிவுகள் கருவுக்குள் இருந்திருந்தால், அவற்றின் ஒவ்வொரு கிளையையும் கணிதத்தில் விளக்கியாக வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பையே கரு துறந்துவிட்டமையால், நிரூபிக்க வேண்டியது கணிசமாகக் குறைந்தது.

ஆனால் துறந்த பாரம் எங்கோ இறங்கத்தானே வேண்டும்? அது முறைமையை அமைப்பவரின் தோளில் இறங்கியது. சாதாரண முறைமையில் ஒரு வரியில் முடியும் வேலைக்கு, எஸ்ஈஎல்4 மேல் நிரல் எழுதுபவர் எந்தச் சீட்டிலிருந்து எதை வெட்டுவது, எங்கு வைப்பது, எந்த வரிசையில் அழிப்பது என்று தாமே திட்டமிட வேண்டும். நினைவகம் இரண்டின் அடுக்கான அளவுகளில் வெட்டப்படுவதால் துண்டுகளுக்கிடையே வீண் இடம் விழும். பெரிய துண்டொன்றிலிருந்து நூறு பொருள்கள் உருவாக்கப்பட்டு, அவற்றுள் 99 அழிந்து ஒன்று மட்டும் எஞ்சினாலும், அந்த ஒன்றும் போகும்வரை அத்துண்டை முதலிலிருந்து மீண்டும் பயன்படுத்த முடியாது. மேலும், வமிசாவளி நீண்டதாக இருந்தால் அதை அழிக்கும் கட்டளை ஒன்றே வெகுநேரம் எடுக்கும். அந்நேரம் முழுவதும் கரு வேறெதையும் கவனியாதிருந்தால் அவசர வேலைகள் காத்துக் கிடக்கும். ஆகவே இடையிடையே நின்று, அவசர அழைப்பு உண்டா என்று பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அக்கட்டளை எழுதப்பட வேண்டியிருந்தது. அவ்வாறு நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கரு முரண்பாடற்ற நிலையில் இருக்கிறது என்பதையும் நிரூபித்தாக வேண்டும்.

நேரம் என்ற வளமோ நினைவகத்தினும் கடினமானது. நினைவகத்தைத் திரும்பப் பெறலாம். போன நேரத்தைப் பெற முடியாது. எல்4 குடும்பத்தின் பழைய கருக்களில் ஒவ்வோர் இழைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. உயர்ந்த எண்ணுடையது ஓடும், சமமானவை மாறிமாறி ஓடும், அவ்வளவுதான். தராசின் மூன்று நிரல்களுக்குத் திரும்பினால் இதன் போதாமை தெரியும். பதிவு நிரல் நிறுவை நிரலுக்காகவும் வேலை செய்கிறது, வலையமைப்பு நிரலுக்காகவும் வேலை செய்கிறது. அது தன் சொந்த முன்னுரிமையில், தன் சொந்த நேரத்தில் ஓடினால், வலையமைப்பு நிரல் அனுப்பும் நூற்றுக்கணக்கான வேண்டுகோள்களுக்கான நேரமும் பதிவு நிரலின் கணக்கில்தான் ஏறும். கேட்டவர் ஒருவர், செலவழித்தவர் இன்னொருவர். கனடாவில் தோன்றி இன்று உலகின் எண்ணற்ற வாகனங்களில் ஓடும் கியூஎன்எக்ஸ் நுண்கருவில், சேவை செய்யும் நிரல் கேட்டவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறது. இது ஒழுங்குமுறையைக் காக்கும், ஆனால் எவ்வளவு நேரம் என்பதற்கு வரம்பு விதிக்காது.

முன்னுரிமை மட்டும் போதாது என்பதற்கு விண்வெளியிலிருந்தே ஒரு பாடம் வந்தது: 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, தாழ்ந்த வேலையொன்று பிடித்திருந்த பொதுப் பூட்டுக்காக உயர்ந்த வேலை காத்திருக்க, இடைப்பட்ட வேலையொன்று செயலியை எடுத்துக்கொண்டதால், திரும்பத்திரும்பத் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. ஊவாவிலும் இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு மூடியபின், தன்னியக்க மழைமானிகளும் அவை அனுப்பும் எச்சரிக்கைகளும் மலைச்சரிவில் வாழ்வோருக்கு உயிர்ப்பிரச்சினையாகிவிட்டன. அத்தகைய கருவியில் மழையை அளக்கும் வேலையும், செய்தி அனுப்பும் வேலையும், தொலைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து மீளும்போது மீண்டும் மீண்டும் முயலும் வேலையும் ஒரே வேளையில் உச்சத்தை அடைவது அடைமழை நாளில்தான். வளம் போதாமற்போவது எப்போதும் அது மிகத் தேவைப்படும் கணத்திலேயே நிகழும் என்பதால், சராசரி நாளில் நன்றாக ஓடுகிறது என்ற சான்றிதழால் அங்கு பயனில்லை.

நினைவகத்துக்குச் செய்ததையே நேரத்துக்கும் செய்யலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. எஸ்ஈஎல்4 கருவுக்காக அன்னா லயன்ஸ் முதலிய நால்வர் 2018இல் வெளியிட்ட வடிவமைப்பில் நேரத்துக்கும் சீட்டு வந்தது: ஒவ்வொரு 100 மில்லிசெக்கனிலும் 10 மில்லிசெக்கன் என்பது போல ஒரு சீட்டு எழுதப்பட்டால், அதை உடைய இழை அதற்கு மேல் ஓட முடியாது, அதன் முன்னுரிமை எவ்வளவு உயர்ந்ததாயினும் சரி. சேவை நிரலுக்குச் சொந்த நேரமே கொடுக்காமல் விடலாம். வேண்டுகோளோடு கேட்பவரின் நேரச்சீட்டும் உடன்வரும், வேலை முடிந்ததும் திரும்பிப்போகும். இதனால் வலையமைப்பு நிரல் எத்தனை முறை கேட்டாலும் அது தன் நேரத்தையே தின்கிறது. எஞ்சியிருப்பது ஒரு சங்கடமான நிலை: கேட்டவரின் நேரம், சேவை நிரல் வேலையின் நடுவில் இருக்கும்போது தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? பாதி எழுதிய பதிவோடு அது நின்றுவிட்டால், நியாயமாகக் காத்திருக்கும் நிறுவை நிரலும் சேர்ந்து நிற்கும். இதற்கும் கரு தானாக விடை சொல்லவில்லை. நேரம் தீர்ந்தது என்ற அறிவிப்பை முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஒரு நிரலுக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கடன் கொடுத்து முடிக்கச் சொல்வதா, வேலையைக் கைவிடச் செய்வதா என்பது அந்நிரலை எழுதியவரின் முடிவு. இக்கொள்கைத் துறவு இங்கு சற்று அதிகமாகிவிடுகிறதோ என்று ஐயுற இடமுண்டு, ஏனெனில் பாதியில் நின்ற சேவையை ஒழுங்காக மீட்பது தேர்ந்த நிரலாளருக்கும் எளிதன்று.

செயலியின் உள்ளே இருக்கும் கேஷ் எனப்படும் சிறு விரைவு நினைவகம் போன்ற, எவரும் சீட்டுக் கேட்காமலே பகிர்ந்துகொள்ளும் வளங்கள் வேறு இருக்கின்றன. ஒரு நிரல் அதை எவ்வாறு பயன்படுத்தியது என்பதை, தன் வேலை எவ்வளவு தாமதமானது என்று அளந்தே இன்னொரு நிரல் ஊகித்துவிடலாம் என்பது 2018இல் வெளிவந்த ஸ்பெக்டர் குறைபாட்டால் உலகறிந்த விடயமாயிற்று. அதையும் பிரித்துக்கொடுக்க வேண்டுமென்று சிட்னிக் குழுவினர் 2019இல் வழி காட்டினர்; வன்பொருள் செய்வோர் ஒத்துழைக்காதவரை அது முழுமை பெறாது.

இவ்வளவு சிரமத்துக்குப் பின்னும் நுண்கருக்கள் எங்கே வாழ்கின்றன என்று பார்த்தால், இந்த வள நிர்வாக முறையின் வலிமையும் வரம்பும் ஒருசேரத் தெரியும். அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையின் திட்டமொன்றின்கீழ் போயிங் நிறுவனத்தின் ஆளில்லா ஹெலிகொப்டர் எஸ்ஈஎல்4 கொண்டு பறந்தது. எல்4 குடும்பத்தைச் சேர்ந்த கருக்கள் குவால்கொம் நிறுவனத்தின் தொலைபேசி மோடம் சில்லுகளில் கோடிக்கணக்கில் பரவின. 2013 முதல் ஐபோன்களில் இரகசியத் திறவுகோல்களைக் காக்கும் தனிச் செயலியில் அக்குடும்பத்திலிருந்து பிறந்த கரு ஓடுகிறது. மினிக்ஸின் ஒரு வடிவம் இன்டெல் சில்லுகளுக்குள் சத்தமின்றி இருந்தது 2017இல் தெரியவந்தது. இவையெல்லாம், எந்த நிரல்கள் ஓடும், எதற்கு எவ்வளவு தேவை என்பது பெரும்பாலும் முன்னரே தெரிந்த இடங்கள். அங்கு முதல் நிரல் எல்லாச் சீட்டுகளையும் ஒருமுறை பங்கிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கொழுந்துத் தராசும் மழைமானியும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

நமுனுகுலையிலோ மடுல்சீமையிலோ ஒரு லயக் காம்பராவில் இருக்கும் கைத்தொலைபேசியின் திரையோ அப்படியானதன்று. அதன் உரிமையாளர் காலையில் ஒரு புதிய நிரலை நிறுவி மாலையில் அழிப்பார். காணொளி ஓடும்போது அழைப்பு வரும். எதற்கு எவ்வளவு நினைவகம் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே யாராவது ஒருவர் நிமிடத்துக்கு நிமிடம் கொடுத்தும் பறித்தும் பங்கிட்டாக வேண்டும், அந்த வேலையை இன்றளவும் லினக்ஸின் பெரிய கருவே செய்துவருகிறது. நுண்கருவின் மேல் அத்தகைய பங்கீட்டாளரைக் கட்டி, கருவைப் போலவே அதையும் நிரூபிக்க முடியுமா என்பதே இத்துறையில் இப்போது திறந்து கிடக்கும் பெரிய வேலை; அதற்கு வேண்டிய மூலநிரலும் நிரூபணங்களும் 2014 ஜூலை முதல் எவரும் இலவசமாக இறக்கிப் படிக்கக் கிடைக்கின்றன, பசறை வீதியிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர் உட்பட.